அவருக்குக் கேட்காத கைதட்டல்

கொல்லிமலைக்கு ஏறும்போது எல்லோருக்கும் காது அடைக்கும். வளைவுகள் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அடைத்து, எச்சில் விழுங்கினால் விட்டு, மறுபடி அடைத்து, சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் தானாகத் திறந்துகொள்ளும். மலையில் பிறந்த எனக்கு அது கவனிக்கக்கூடத் தோன்றாத சங்கதி. அந்தத் தடவை என் கணவருக்கு இடது காது திறக்கவில்லை.

முந்தின நாள் கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டு மைதானத்தில் பாடியிருந்தோம். அடுத்த ஊருக்குப் போக அவகாசம் இருந்ததால், மலைமேல் குண்டூர் நாட்டில் என் அப்பா வீட்டில் விட்டிருந்த மகளைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் அவர் மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தார். கொட்டாவி விட்டார். கொய்யாக்காய் வாங்கி மென்றார். வீட்டில் என் அம்மா பூண்டைத் தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சிப் பஞ்சில் நனைத்து வைத்தாள். மலையை விட்டு இறங்கும்போது சரியாகிவிட்டது என்றார். நானும் நம்பினேன்.

நாங்கள் எப்படிச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் சாமை விதைத்து, மரவள்ளி போட்டு, சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றிப் பிழைக்கிற குடும்பம். அவர் கீழே பேளுக்குறிச்சிப் பக்கம், சொந்தக் கிணறும் கரும்புக் காடும் உள்ள வீட்டுப் பிள்ளை. நாமக்கல்லில் ஒரே கல்லூரியில் படித்தோம். அவர் ராசிபுரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டு பாடவும் செய்வார். முள்ளுக்குறிச்சிக் கோயில் விழாவில் அவர்களுடைய பாடகிக்குக் காய்ச்சல் வந்துவிட, என்னைக் கூப்பிட்டார். அன்றைக்கு மேடையில் எனக்குக் குரலே எழும்பவில்லை. முதல் பாட்டின் நடுவில் அவர் கீபோர்டை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்று சேர்ந்து பாடினார். குரல் வந்தது. கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு சித்தப்பா மட்டும் வந்தார், சாப்பிடாமல் போனார்.

மிளகு பறிக்கிற காலத்தில் ஒரு மத்தியானம் அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்து, நான் எழுதி அவர் மெட்டுப் போட்ட பாட்டை இருவரும் பாடினோம். சொந்தக்காரப் பையன் ஒருவன் அதை போனில் எடுத்துப் போட்டான். அந்தப் பாட்டு எப்படி ஊரெல்லாம் போனது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆட்டோவில் கேட்டது, பஸ்ஸில் கேட்டது, டீக்கடையில் கேட்டது. பிறகு தொலைக்காட்சி, பிறகு சினிமா, பிறகு மைதானங்கள். கோலாலம்பூர், துபாய் என்று கூப்பிட்டார்கள். போஸ்டரில் பாதி அவர் முகம், பாதி என் முகம். யாரும் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டதில்லை. பேட்டி எடுப்பவர்கள்கூட அவரிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னாலும் அவர் சொன்னதாகவே எழுதிக்கொள்வார்கள்.

மைதானத்தில் பாடுவது வெளியில் தெரிகிற மாதிரி இருக்காது. கிரிக்கெட் வீரர்கள் உடை மாற்றுகிற அறையைக் கொடுப்பார்கள். அங்கே பெண்ணுக்கு ஒதுங்க ஒரு மறைப்பு இருக்காது. மேடை ஏறினால் வெளிச்சத்தில் முதல் வரிசைத் தடுப்புக் கம்பிதான் தெரியும். அதற்கு அப்பால் இருப்பது இரைச்சல் மட்டும். நாம் பாடியது எதிர்க் கேலரியில் மோதித் தாமதமாகத் திரும்பி வரும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் போய்விடும். அதனால் காதுக்குள் சின்ன மானிட்டர் வைத்துக்கொள்வோம். வாத்தியமும் எங்கள் குரலும் தாளத்தின் டிக் டிக் சத்தமும் அதில் வரும். அது ஒன்றுதான் பிடிமானம்.

அவர் அதன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒத்திகையில் தற்செயலாக அவருடையதை எடுத்து என் காதில் வைத்தேன். சுரீரென்றது, பிடுங்கி எறிந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

கோயம்புத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியில் நின்று பார்த்தேன். அவர் அழுத்துவதற்குத் தயாராக விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல அத்தனை கவனம் அந்த முகத்தில். இடது காதுக்குச் சத்தம் விட்டபோது விரல் நகரவில்லை. டாக்டர் நல்ல மனிதர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: இடது காதின் நரம்பு போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது, ஏற்கெனவே பலவீனமான நரம்பை இந்தச் சத்தம் சீக்கிரம் தின்கிறது, போனது திரும்பாது, மேடையை விட்டால் இருப்பது கொஞ்ச காலம் தங்கலாம்.

காரில் ஏறியதும் நான் அழுதேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டிரைவருக்குக் கேட்காதபடி பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார். "பாட்டு இன்னும் வருதில்ல கண்ணு. வர்ற வரைக்கும் பாடலாம். யாருகிட்டயும் சொல்லாத. உங்கப்பன்கிட்டயும் வேண்டாம்."

நிறுத்திவிடலாம் என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. மைதானம் இல்லாவிட்டால் சின்னச் சபாக்களில் சத்தம் குறைவாகப் பாடலாமே என்றதற்கு, நான் அவரைக் கீழே இறக்குவதாகக் கோபப்பட்டார். அந்தக் கோபம் பல நாள் இருந்தது. அப்புறம் ஒரு காலையில் ஓட்டல் அறையில் அவரே வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒரு வழி சொன்னார்.

பாடும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அவர் எடுக்க வேண்டிய இடம். நகம் பட்டால் சுருதி இறங்குகிறது. கையை இழுத்தால் பாட்டு முடிந்தது. அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு அதையே பழகினோம். அவர் வேகமாகக் கற்றார். தாளம் அவர் உடம்பிலேயே இருந்தது. சுருதிதான் என் கையை நம்பி நின்றது.

மேடையில் நாங்கள் கை கோர்த்ததும் கூட்டம் ஓவென்று கத்தியது. ஒரு பத்திரிகையில், கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் ஒரு பாட்டு முழுக்கக் கை விடாத ஜோடி என்று எழுதினார்கள். பெண்கள் என்னிடம் வந்து கண் கலங்கிச் சொல்வார்கள். நான் சிரித்து வைப்பேன். அவர் உள்ளங்கையில் என் நகம் பட்ட இடங்கள் சிவந்து, தோல் உரிந்து கிடந்தன. அறைக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். அந்த நேரத்தில் மட்டும் நாங்கள் சண்டை போடுவதில்லை. மற்ற நேரமெல்லாம் சண்டைதான். வாத்தியக்காரர்கள் பின்னால் நின்று சிரிக்கிறார்கள் என்பார். நான் போனில் பேசினால், யாரிடம் சொல்கிறாய் என்பார். பேச்சு சரியாகக் கேட்காதவருக்கு எல்லாப் பேச்சும் தன்னைப் பற்றியதாகவே தோன்றும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

தெற்கே ஒரு ஊரில் நிகழ்ச்சி. சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேடையிலிருந்து கூட்டத்துக்குள் நீளும் நடைபாதையில் அப்பா வீட்டு வாசலில் பாடிய அந்தப் பாட்டின் கடைசிப் பகுதிக்கு நான் மட்டும் நடந்து போக வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். அவர் காதுக்குள் இருந்த மானிட்டரை நம்பி நான் கையை விட்டேன். இடுப்பில் செருகியிருந்த அதன் பெட்டிக்குள் ஈரம் இறங்கி அது நின்றுபோனது எங்கள் யாருக்கும் தெரியாது.

பாட்டு முடிந்தது. டிரம்ஸ் நின்றது. நான் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சரணத்தையே மறுபடி பாடினார். வாத்தியம் எதுவும் இல்லாமல், சுருதி சரிந்துகொண்டே போக, அத்தனை பெரிய ஸ்பீக்கர்களில் அவர் குரல் மட்டும். முதலில் கூட்டம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. விசில் அடித்தார்கள். அவர் பாடுவதைப்போலவே இழுத்து இழுத்துக் கத்தினார்கள். நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். அந்த நடைபாதை அத்தனை நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். எதிரே ஆயிரக்கணக்கான போன்கள் ஆடுவதைப் பார்த்தார். எல்லோரும் வாய் திறந்திருப்பதைப் பார்த்தார். கூடவே பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முகம் மலர்ந்து, வழக்கமாகச் செய்வதுபோல மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார். அந்த ஊளையும் சிரிப்பும் மைக்கில் ஏறி மைதானம் முழுக்க ஒலித்தன. அவர் அதற்குத் தலையை ஆட்டித் தாளம் போட்டார்.

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். மைக்கை அதன் இடத்தில் மெதுவாகச் செருகிவிட்டு, கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

விடிவதற்குள் அந்த வீடியோ எல்லா இடத்துக்கும் போய்விட்டது. சத்தம் கேட்காவிட்டாலும் கீழே எழுதியிருந்ததை அவரால் படிக்க முடிந்தது. குடித்துவிட்டு மேடை ஏறினார் என்று எழுதியிருந்தார்கள். பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்துப் போகிற அளவுக்குப் போதை என்று எழுதியிருந்தார்கள். அவர் டீ குடிப்பதற்கே யோசிக்கிறவர், தொண்டைக்கு ஆகாதென்று. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதை வாங்கி மடித்துவிட்டுச் சொன்னார்:

"குடிகாரன்னா, நாளைக்குத் திருந்திட்டான்னு கூப்புடுவாங்க. செவுடன்னா யாரு கூப்புடுவாங்க?"

மிச்ச ஊர்களையெல்லாம் ரத்து செய்துவிட்டு மலைக்கு வந்தோம். அவருடைய அம்மா பேளுக்குறிச்சியிலிருந்து போன் செய்து என்னிடம் ஒரு பாட்டம் அழுதார்கள். மலைக்காரி வீட்டில் சாராயம் பழக்கிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசுகிறார்களாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சௌக்கியமா என்று கேட்கிறார்கள் என்றேன்.

என் அப்பா செம்மேட்டுக் கடையில் செய்தியைக் கேட்டுவிட்டு வந்தார். மருமகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இவர் வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். இவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி சாப்பிட்டு எழுவார். என் நாக்கு நுனிவரை வரும். சொல்லக் கூடாது என்று இவர் என்னிடம் வாங்கிய வாக்கு தடுக்கும்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவர் காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். மிளகுக் கொடிக்கு நிழல் அதிகமானால் சில்வர் ஓக் கிளைகளைக் கழிப்பார்கள். அப்பா மரத்தின் மேல் நின்று வெட்டிக்கொண்டிருந்தபோது இவர் கீழே வெட்டிய கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய கிளை ஒன்று முறிந்தது. அப்பா மேலிருந்து கத்தினார். பக்கத்துக் காட்டில் இருந்தவர்களும் கத்தினார்கள். இவர் குனிந்தபடியே இருந்தார். கிளை அவர் முதுகை உரசிக்கொண்டு விழுந்தது. தோள்பட்டை கிழிந்து ரத்தம்.

காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்பா மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தார். கையிலிருந்த கொடுவாளைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"மாப்பிள்ளைக்குக் காது கேக்கறதில்லையா சாமி?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எத்தன நாளா?"

"மைதானத்துல அப்படி ஆனதுக்கு முந்தியே."

அப்பா கொடுவாளைக் கொட்டகைச் சுவரில் சாத்தி வைத்தார். பிறகு, "குடிச்சிருந்தாத் தேவலயே" என்றார். உள்ளே போய் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். தட்டில் சாமைச்சோற்றை அப்பா தன் கையால் அள்ளி வைத்தபோது, விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ ஒன்றை இறக்கி வைத்துவிட்டவர் மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு காது மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தோம். பேச்சு கொஞ்சம் பிடிபட்டது. பாட்டு பிடிபடவில்லை. நான் ஒரு வரி பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, என் குரல் தகரத்தைத் தேய்ப்பது மாதிரி வருகிறது என்றார். மறுபடி பாடச் சொன்னார். மறுபடி கேட்டார். மிஷினைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். இது காதில் இருந்தால் நிஜக் குரல் மறந்துபோகும் என்றார். வலது காதில் மிச்சமிருந்ததும் அந்த மழைக்காலத்தோடு போய்விட்டது.

மகள் அப்போதுதான் பால்வாடிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். மத்தியானம் அவளைத் தூங்க வைப்பது அவர் வேலை. மடியில் போட்டுக்கொண்டு பாடுவார். தன் குரல் தனக்குக் கேட்காதவர் பாட்டு எப்படி இருக்கும்? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நிலை தவறியது. சில இடத்தில் கத்தலாக எழும், சில இடத்தில் காற்று மட்டும் வரும். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் குழந்தை தன் கையால் அவர் வாயைப் பொத்தினாள். விளையாடுகிறாள் என்று அவர் சிரித்துக்கொண்டே கையை விலக்கிவிட்டுப் பாடினார். அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்துக்கொண்டாள். அவர் பாதி வரியில் நிறுத்தினார். அவள் தூங்கும்வரை முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை. பேசுவதும் குறைந்துவிட்டது. தன் குரல் எவ்வளவு சத்தமாக வெளியே போகிறது என்று தெரியாததால் யாராவது எதிரே இருந்தால் வாயே திறப்பதில்லை.

என்னைத் தனியாகப் பாடக் கூப்பிட்டார்கள். சென்னையில் மைதானம். அவர் உடல்நலம் காரணமாக ஓய்வில் இருக்கிறார் என்று அறிவித்துவிட்டு, அவர் பாடிய பழைய பதிவைப் பெரிய திரையில் ஓடவிடுவதாகவும், நான் அதோடு சேர்ந்து பாட வேண்டும் என்றும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. போகவில்லை, பாடுவதையே நிறுத்திவிடுகிறேன் என்று அவரிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார்.

"நீ நிறுத்திப்போட்டா எனக்குக் கேட்டுருமா?"

போனேன். ஒத்திகையில் ஒன்றும் ஆகவில்லை. நிகழ்ச்சியில், என் காதுக்குள் அவருடைய பழைய குரல், முழுசாக, குளிர்ந்த தண்ணீர் மாதிரி வந்து இறங்கியபோது நான் பாட வேண்டிய வரியை விட்டுவிட்டேன். கூட்டம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அவர்களே அந்த வரியைப் பாடினார்கள். பலர் அழுதார்கள். அப்படி ஒரு கைதட்டலை நாங்கள் இருவரும் சேர்ந்து நின்றபோதுகூட வாங்கியதில்லை. திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உயிரோடு மலையில் மரவள்ளிக்குக் களை வெட்டிக்கொண்டிருக்கிறவருக்கு எல்லோரும் சேர்ந்து அஞ்சலி செலுத்துவதுபோல இருந்தது.

திரும்பி வந்ததும் அவர் முதலில் கேட்டது, தன் குரல் சரியாக வந்ததா என்று. வந்தது என்று தலையாட்டினேன். பேஸ் தூக்கலாக வைத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். போனில் முழு நிகழ்ச்சியையும் சத்தமில்லாமல் பார்த்திருக்கிறார். இரண்டாவது பாட்டில் திரையில் அவர் உதடு என் உதட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வந்ததாகவும், அடுத்த ஊரில் அதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சொல்கிறேன் என்றேன். சொல்லிச் சரிசெய்யவும் செய்தேன்.

இப்போதும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. குடிகாரர் என்ற பேச்சு பழசாகிவிட்டது. ஆனால் அவர் எதிர்பார்த்ததுபோல யாரும் அவரைக் கூப்பிடவில்லை. திரையில் இருப்பவரே போதும் என்று ஆகிவிட்டது. நான் ஊர் ஊராகப் போகிறேன். அவர் இங்கே அப்பாவோடு காட்டைப் பார்த்துக்கொள்கிறார். மரவள்ளி லோடு ஏற்றும் நாளில் லாரிக்கு ரிவர்ஸ் காட்டக்கூட இப்போது அவரை நிற்க வைப்பதில்லை.

மகள் அவரோடு பேச ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அவர் தொடையைத் தட்டித் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று, குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவாள். அப்பாவிடம் சத்தம் தேவையில்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவருக்கும் எங்கள் எல்லோருடைய பேச்சையும்விட அவள் பேச்சுதான் நன்றாகப் புரிகிறது. இருவரும் வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

போன வாரம் ஒரு மைதானத்தை முடித்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். காதில் இன்னும் கூட்டத்தின் இரைச்சல் இருந்தது. மகள் ஓடிவந்து என் முன்னால் நின்று, உதட்டை அசைத்து என்னவோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் அப்படியே சொன்னாள்.

"அம்மாவுக்குக் கேக்கும் சாமி. வாயத் தொறந்து சொல்லு."

அவள் யோசித்தாள். அப்புறம் என் காதருகில் வந்து ரகசியமாகச் சொன்னாள்: "அப்பா தூங்கறாங்க. மெதுவாப் பேசுங்க."

சரி என்று நானும் மெதுவாகவே சொன்னேன். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் பையை இறக்கி வைத்தேன்.